பேத்துப்பாறை ஏற்றத்தில் நின்ற ஜீப்

1. கட்டி இழுத்து வந்த வண்டி

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷன் போட்டுத் தரச் சொல்லி நாயுடுபுரத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பழைய பெட்ரோல் ஜீப்பை ஆசைக்கு வைத்திருப்பார்கள். கொடைக்கானல் வந்து சேர்வதற்குள் வண்டி கரும்புகை கக்கி அவர்களை ஒரு வழி பண்ணியிருக்கும். தமிழ்ச்செல்வி அந்த ரகம் அல்ல. அவருடைய ஜீப்பை ஒரு டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அவர் டிராக்டரில் உட்காராமல் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வந்து இறங்கினார்.

வண்டியைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பேத்துப்பாறையிலிருந்து கொடைக்கானல் மார்க்கெட்டுக்கு சவ்சவ், பீன்ஸ், பட்டர் புரூட் எல்லாம் ஏற்றி வந்த முத்துராசுவின் ஜீப் அது. முந்தைய வருஷம் ஊருக்கு மேலே இருக்கும் ஏற்றத்தில் எஞ்சின் நின்று, பின்னோக்கி உருண்டு, ஓரத்துச் சரிவில் கவிழ்ந்தது. முத்துராசு அந்த இடத்திலேயே இறந்துபோனார். பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்து வந்த பக்கத்துத் தோட்டத்துக் காளியப்பனுக்குக் கால் முறிந்தது. தமிழ்ச்செல்வி முத்துராசுவின் மனைவி.

"அண்ணே, எஞ்சினுக்கு ஊசி வழியாப் பெட்ரோல் குடுக்குற மாதிரி மாத்துவீகளாமே. அதை இதுல மாட்டிக் குடுங்க."

"யாரும்மா ஓட்டப் போறது?"

"நாந்தான்."

வேறு வண்டி பார்க்கலாமே என்று இழுத்தேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாக. வித்துட்டு வேற சோலியைப் பாருங்குறாக. தோட்டத்துக் காயி மேல ஏறணும்ல? எனக்கு ஓட்டத் தெரிஞ்ச வண்டி இது ஒண்ணுதான். அவரு சொல்லிக் குடுத்தது. இது ஏத்தத்துல நிக்கக் கூடாது. அம்புட்டுத்தான் நான் கேக்குறது."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ராத்திரி பூரா யானைக் காவலுக்குப் போயிட்டு வந்து ஓட்டுனாரு, அசந்து தூங்கிட்டாருன்னு ஊருல பேசிக்கிறாக. சில பேரு குடிச்சிருந்தாருன்னே சொல்றாக. குடிக்கல, அது எனக்குத் தெரியும். தூங்குனாரான்னு தெரியல அண்ணே. நான் கூட இல்லையே. காளியப்பண்ணே எங்க வீட்டுப் பக்கமே திரும்பிப் பாக்குறதில்ல."

விபத்துக்குப் பிறகு வண்டியைச் சோதித்த அதிகாரிகளும் பிரேக்கில் பழுது இல்லை என்று சொல்லிவிட்டதால், ஊர்ப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது.

2. மாட்டிய விதம்

கார்புரேட்டருக்குள் மிதவைக் கிண்ணம் என்று ஒன்று உண்டு. அதில் பெட்ரோல் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் நிற்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் கிண்ணம் சாய்ந்தால் மட்டம் மாறும். ஒன்று பெட்ரோல் வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும், இல்லையென்றால் பெட்ரோலை எஞ்சினுக்குள் விடும் ஜெட் துளைக்கு எட்டாமல் போகும். இரண்டிலும் எஞ்சின் நின்றுவிடும். முத்துராசுவின் வண்டி இதனால்தான் நின்றிருக்கும் என்று நானும் நினைத்தேன். இன்ஜெக்ஷனில் கிண்ணமே கிடையாது. பம்ப் தரும் அழுத்தத்தில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் அதற்குக் கவலையில்லை.

மலைக்கு அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அடிவாரத்து வத்தலக்குண்டில் சரியாக ஓடும் கார்புரேட்டர் மேலே வந்தால் மூச்சுத் திணறும். காற்று மெலிந்துவிடும், பெட்ரோல் மட்டும் அதே அளவு போய்க்கொண்டிருக்கும். இன்ஜெக்ஷனில் சென்சார் காற்றின் அழுத்தத்தைப் பார்த்துச் சொல்ல, இசியு என்கிற சின்னக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும்.

கார்புரேட்டர் இருந்த இடத்தில் அடாப்டர் பிளேட் வைத்து, காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியை உட்கார வைத்தேன். என் பட்டறை வெல்டர் சேகர் சைலன்சர் குழாயில் ஓட்டை போட்டு, ஆக்ஸிஜன் சென்சாருக்கு நட்டு வைத்துப் பற்றவைத்தார். தீப்பொறி தரும் இக்னிஷனில் பழைய பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் ஆக்கினோம். மீதிப் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போக ஒரு ரிட்டர்ன் லைன் இழுத்தேன். பம்ப்பை டேங்குக்கு வெளியே, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டினேன். டேங்குக்குள் ஏற்கெனவே இருந்த உறிஞ்சு குழாய் வழியாகத்தான் அது பெட்ரோலை இழுக்கும். இன்ஜெக்ஷன் கிட்டோடு வந்த படமும் அப்படித்தான் காட்டியது. டேங்கை அலசிப் பார்த்தேன், துரு இல்லை. பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் முழுசாகப் புதுப்பித்தேன்.

தமிழ்ச்செல்வி மார்க்கெட்டுக்கு வரும் நாளெல்லாம் பட்டறைக்கு வந்து நிற்பார். ஒவ்வொரு வயரையும் தொட்டு, இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்பார். ஒருநாள் பிரேக் பூஸ்டரைக் காட்டிக் கேட்டார். கால் மிதிக்குப் பலம் சேர்ப்பது இதுதான், எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வேக்குவத்தில்தான் இது வேலை செய்யும், எஞ்சின் நின்றால் ஒன்றிரண்டு மிதிக்குத் தாங்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும் என்றேன். அவர் அந்தப் பெடலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. ஏற்றம்

டியூனிங் செய்வதற்காக டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு வண்டியைப் பெருமாள்மலை வரை இறக்கி ஏற்றினேன். லேப்டாப்பை மாட்டி, எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்று திருத்திக்கொண்டே வந்தேன். புகை இல்லை, திணறல் இல்லை. வண்டியை எடுத்துப் போகலாம் என்று தமிழ்ச்செல்விக்குச் சொல்லி அனுப்பினேன். வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த ஏத்தத்துல ஏத்திப் பாத்தீகளா?"

"இல்லம்மா. ஆனா எல்லா ரோட்டுலயும் நல்லாத்தான் ஓடுது."

"அங்க ஏத்தாம நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். லோடு வச்சு ஏத்தணும். நாந்தான் ஓட்டுவேன்."

நான் ஓட்டுகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நாளைக்கு நீங்களா கூட வருவீக என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பேத்துப்பாறையில் பீன்ஸ் மூட்டைகளை ஏற்றினோம். அவர் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில் லேப்டாப்போடு. சேகர் ஒரு பெரிய மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தை ஒட்டி நடந்து வந்தார். முதல் கியரில் வண்டி சீராக ஏறியது. இரண்டாவது வளைவைத் தாண்டும்போது பம்ப்பின் சத்தம் மாறியது. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் காற்றை இழுத்துக் கீச்சிடுமே, அந்தச் சத்தம். லேப்டாப்பைப் பார்த்தேன். மிக்சர் லீன் என்று காட்டியது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் எஞ்சின் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

தமிழ்ச்செல்வி பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. சாவியைத் திருப்பினார், எஞ்சின் பிடிக்கவில்லை. பதற்றத்தில் பெடலை விட்டு விட்டு மிதித்தார். அதற்குள் பூஸ்டரில் இருந்த வேக்குவம் தீர்ந்துவிட்டது. வண்டி பின்னால் நகர்வது எனக்கு முதுகில் தெரிந்தது.

"ஹேண்ட் பிரேக்கு! சேகர், கட்டை!"

அவர் சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு காலையும் பெடலில் ஊன்றி நின்றபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சேகர் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். வண்டி கட்டையில் முட்டி நின்றது.

"காலை எடும்மா. இனி உருளாது."

"எடுக்க மாட்டேன்."

சேகர் இன்னொரு சக்கரத்துக்கும் கல் வைத்தார். அதற்குப் பிறகும் அவர் அப்படியேதான் நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அழவில்லை.

"அண்ணே, அவருக்கும் இப்படித்தான் ஆகியிருக்குமா?"

நான் இறங்கிப் போய் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்த்தேன்.

4. குழாய்

கேனில் பெட்ரோல் வாங்கி வந்து டேங்கில் ஊற்றினோம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மீதி ஏற்றத்தை அவரே ஓட்டி முடித்தார். டேங்கில் அதற்கு முன்னால் பெட்ரோல் இல்லாமல் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

பட்டறைக்கு வந்து லேப்டாப்பில் பதிவாகியிருந்ததை ஓட்டிப் பார்த்தேன். வண்டி நிற்பதற்குச் சற்று முன்னிருந்தே பெட்ரோல் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டியிலேயே இல்லை. ஆனாலும் அதே ஏற்றத்தில் வண்டி நின்றிருக்கிறது. அப்படியானால் கோளாறு கார்புரேட்டருக்கு முன்னால், பெட்ரோல் கிளம்பும் இடத்தில் இருக்க வேண்டும்.

டேங்கை இறக்கி உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தோம். டேங்கின் மேல் தகட்டிலிருந்து அடிவரை இறங்கும் செப்புக் குழாய் அது. அதன் நடுவுக்குக் கீழே, எப்போதோ பற்றவைத்த இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். ஒரு முனையை விரலால் அடைத்து இன்னொரு முனையில் சேகர் வாய்வைத்து ஊத, கீறல் வழியே காற்று வந்தது. டேங்க் நிறைந்திருக்கும்போது கீறல் பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும், ஒன்றும் ஆகாது. பாதிக்குக் கீழே இறங்கிய பெட்ரோல் ஏற்றத்தில் பின்னால் சரிந்தால், முன்பக்கம் இருக்கும் குழாயின் கீறல் வெளியே வந்துவிடும். பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும்.

தமிழ்ச்செல்வியை வரச் சொல்லிக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

"வண்டி கவுந்ததுல கீறியிருக்காதா?"

"கீறலுக்குள்ள பாருங்க. பெட்ரோல் காஞ்சு காஞ்சு அரக்கு மாதிரி படிஞ்சு கெடக்கு. இது ரொம்ப நாளாப் படிஞ்சது. அவரு போறதுக்கு முன்னாடி வண்டி மக்கர் பண்ணுதுன்னு ஏதாச்சும் சொல்லியிருக்காரா?"

அவர் யோசித்தார். "கேன்ல பெட்ரோல் வச்சிருப்பாரு. ஏத்தத்துக்கு முந்தி நிறுத்தி ஊத்துவாரு. ஏன் இப்படி ஊத்துறீகன்னு கேட்டேன். கொறைஞ்சா மக்கர் பண்ணுது, என்னான்னு தெரியலன்னாரு. கார்புரேட்டரைக் கழட்டிக் கழட்டித் தொடைப்பாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அன்னைக்குக் கேன் தோட்டத்துலயே கெடந்துச்சு" என்றார்.

குழாயை மடியில் வைத்துக்கொண்டு கீறலை விரலால் தடவினார்.

"அப்ப அவரு தூங்கலயா அண்ணே?"

"எஞ்சின் ஏன் நின்னுச்சுன்னு என்னால சொல்ல முடியும்மா. ஆனா அவரு முழிச்சிருந்தாரான்னு இந்தக் குழாயால சொல்ல முடியாது."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தெரியாததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரும் அதைத்தானே செய்திருந்தது.

5. காளியப்பன்

பழைய குழாயோடு வெளிப் பம்ப்பையும் எடுத்துவிட்டு, டேங்குக்குள்ளேயே உட்காரும் பம்ப்பை மாட்டினேன். அதைச் சுற்றி ஒரு சின்னத் தொட்டி வைத்தோம். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் பெட்ரோல் பம்ப்பை விட்டு விலகாது. அதே ஏற்றத்தில் லோடு ஏற்றி, டேங்கில் அடிமட்டத்தில் மட்டும் பெட்ரோல் வைத்து ஓட்டினோம். நடுவில் நிறுத்தி, வேண்டுமென்றே எஞ்சினை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தும் பார்த்தோம். வண்டி ஏறியது.

வண்டியை ஒப்படைத்த அன்று தமிழ்ச்செல்வி என்னை விடவில்லை. "காளியப்பண்ணே வீடு வரைக்கும் வாங்க. எனக்கு இதையெல்லாம் வெளங்கச் சொல்லத் தெரியாது" என்றார்.

காளியப்பன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். பக்கத்தில் ஊன்றுகோல். ஜீப்பைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் குழாயைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் குழாயைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"அண்ணே, அவரு தூங்கிட்டாருன்னு ஊரே சொல்லுது" என்றார் தமிழ்ச்செல்வி. "எஞ்சின் தானா நின்னுருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அவன் தூங்கலைன்னு எனக்குத் தெரியும் தாயி."

"தெரியுமா? பெறகு ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?"

காளியப்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "வண்டி பின்னால வருது. காளியண்ணே குதி, காளியண்ணே குதின்னு கத்துறான். நான் மூட்டைகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன், வெரசா வெளிய வர முடியல. திரும்பிப் பாக்குறேன், அவன் பிரேக்குல ஏறி நிக்கிறான். ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு நிக்கிறான். அவன் பக்கம் கதவு கூடக் கெடையாது, ஒரு எட்டு வச்சா வெளிய வந்துருப்பான். நான் குதிச்சிட்டேன் தாயி. அவன் குதிக்கல."

காளியப்பன் ஊன்றுகோலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்காக நின்னான்னு உன் மொகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? தூங்கிட்டான்னு ஊரு பேசுச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன்."

தமிழ்ச்செல்வி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தமில்லாமல் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தரம் பிரித்து முடித்த பீன்ஸ் ஒரு சாக்கில் இருந்தது. அதன் வாயைச் சுருட்டிப் பிடித்தார்.

"இது மார்க்கெட்டுக்குத்தானே?"

"ஆமா."

"நாளைக்குக் காலையில வெள்ளனே வருவேன். கட்டி வைங்க. நீங்களும் வாங்கண்ணே. முன்னாடி உக்காந்து வாங்க."

காளியப்பன் சரி என்று தலையை அசைத்தார்.

பட்டறை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான் சொல்வது ஒரு காரணத்துக்காகத்தான். இன்ஜெக்ஷன் போடக் கேட்டு யார் வந்தாலும், கிட்டைப் பிரிப்பதற்கு முன்னால் டேங்கை இறக்கி உள்ளே இருக்கும் குழாயைப் பாருங்கள். பெட்ரோல் எங்கே கிளம்புகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். இறந்துபோனவரின் வண்டி உங்கள் கைக்கு வந்தால் இன்னும் நிதானமாகப் பாருங்கள். அவர் வந்து தன் பக்கத்தைச் சொல்லப் போவதில்லை. வண்டி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவை மட்டும் சொல்லுங்கள். மீதியைச் சொல்ல வேண்டியவர் எங்காவது ஒரு கட்டிலில், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கக்கூடும்.