வடிய மறுத்த வெந்தயம்

எம்.எஸ்சி. வேதியியல் கடைசிப் பருவத்தில் எனக்கும் என் தோழிக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். நான் விழுப்புரத்திலிருந்தும் அவள் விக்கிரவாண்டியிலிருந்தும் ஒரே பஸ்ஸில் திண்டிவனத்துக்குக் கல்லூரி போய்வந்தோம். தலைப்பை எங்கள் பேராசிரியரே கொடுத்தார்: வெந்தயத்திலுள்ள நல்ல சத்துகளைத் தண்ணீரால் பிரித்தெடுப்பது.

"சார், மெத்தனால் வேணாமா?" என்று கேட்டேன்.

"தண்ணியிலயே எல்லாம் வரும்மா. அதான் இயற்கை."

லேபில் மெத்தனால் தீர்ந்துபோய்விட்டது என்பதை இவ்வளவு இயற்கையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தோழி வீட்டிலிருந்து மிக்ஸி கொண்டுவந்தாள். வெந்தயத்தைப் பொடித்து, சுடுதண்ணீரில் கலக்கி, ஒரு மணி நேரம் கிளறி, வடிதாளில் ஊற்றினோம். மூன்று சொட்டு விழுந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், நான்காவது சொட்டு புனலின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது சத்து இல்லடி, பசை," என்றாள் தோழி. "போஸ்டர் ஒட்டலாம்."

மறுநாள் அவள் அப்பாவின் பழைய வேட்டியை எடுத்துவந்தாள். துவைத்தது என்று சத்தியம் செய்தாள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். தண்ணீர் வந்தது, வழவழப்பும் கூடவே வந்தது. இரண்டு வாரம் இதே கதை. என் துப்பட்டா, தலைமுடி, நோட்டு எல்லாம் வெந்தய வாசம். மூன்றாவது வாரம் மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது.

அன்று அலுப்பில் முழு வெந்தயத்தை அப்படியே பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனோம். திரும்பி வந்து வடித்தால் பத்தே நிமிடத்தில் இளமஞ்சளாக இறங்கிவிட்டது. ஃபெரிக் குளோரைடு விட்டோம். கருத்தது, ஃபீனால் இருக்கிறது. குலுக்கினோம், நுரை எழும்பி அடங்காமல் நின்றது, சபோனின் இருக்கிறது. தேடிய சத்துகள் இரண்டும் கிடைத்துவிட்டன. அரைத்தால்தான் சத்து இறங்கும் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தது அறிவியல் அல்ல, சட்னி அரைத்த பழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை லேப் ஃபிரிட்ஜ் ஓடவில்லை. முந்தின நாள் வடித்த சாற்றை ஒரு பாட்டிலில் நிரப்பி, தோழி வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க எடுத்துப் போனோம். நல்ல வெயில். டோல்கேட் வரிசையில் பஸ் நின்றது. புளிக்க ஆரம்பித்திருந்த சாறு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மூடி பட்டென்று தெறித்து, முன் இருக்கையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இருந்தவரின் பிடரியில் பாதிப் பாட்டில் கொட்டியது.

அவர் கழுத்தைத் தடவி, விரலை முகர்ந்தார்.

"இன்னாம்மா இது?"

"வெந்தயத் தண்ணிங்க," என்றேன். "காலேஜ் புராஜெக்ட்டு."

"சுகருக்கா?"

"அது இன்னும் தெரியலீங்க. இப்பதான் பாத்துக்கினு இருக்கோம்."

"நான் ரெண்டு வருசமா குடிச்சிக்கினு இருக்கேன். மாத்திரையும் போட்டுக்கினுதான் இருக்கேன்," என்றார் அவர் சோகமாக. துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டார்.

பின் இருக்கையில், எங்கள் ஊரில் மல்லாட்டை எனும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "முழுசா ஊற வச்சி தண்ணிய மட்டும் குடிங்க. அரைச்சீங்கன்னா வழவழன்னு தொண்டையில எறங்காது."

மூன்று வாரம், ஒரு மிக்ஸி, ஒரு வேட்டி செலவழித்து நாங்கள் கண்டுபிடித்ததை அவர் தோலை ஊதிக்கொண்டே சொல்லிவிட்டார். தோழி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

"கீழ ஊத்துனத யாரு தொடைக்கிறது?" என்றார் கண்டக்டர். நாங்கள்தான் துடைத்தோம்.

மறுபடி வெந்தயம் வாங்கி, மறுபடி ஊறவைத்து, எப்படியோ ஆய்வேட்டை முடித்தோம். 'வழவழப்பான சளிப்பொருள் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் பொருட்டு முழு விதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன' என்று நான் கம்பீரமாக எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இந்த யோசனை எப்படி வந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தோழி சொன்னாள்: "மிக்ஸி ரிப்பேர் சார்."

மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "அதையே எழுதியிருக்கலாமே," என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு வந்த மதிப்பெண்ணில் அவளுக்கு என்னைவிட இரண்டு கூடுதல்.

வாய்மொழித் தேர்வு முடிந்து திரும்பும் பஸ்ஸில் நான் அவளிடம் பேசவில்லை. விக்கிரவாண்டியில் இறங்க எழுந்தவள், "நாளைக்கு வரியா?" என்றாள்.

"நாளைக்கு காலேஜே இல்லயேடி."

"அதுக்கு இன்னா இப்ப?"

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா புது மிக்ஸியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் சமையலறைப் பக்கம் விடவில்லை.