திறக்காத பின்பெட்டி

காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்ட்காரர்கள் சண்டையிட்ட அவசரகாலத்தில், மலாக்காவின் ஜாசின் சாலையிலிருந்த போலீஸ் தடுப்பில் என் காரை நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி நிற்காமல் வந்து இடித்தது. காரின் பின்பெட்டி நசுங்கி, திறக்கவே முடியாமல் இறுகிப்போனது.

பஸ் பிடித்து மலாக்கா டவுனில் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். "நாங்க பாக்குற வரைக்கும் இடிபட்ட காடியில கை வைக்காதீங்க, வச்சா கிளேம் கெடைக்காது" என்றார் அங்கிருந்த கிளார்க்.

"அப்ப எங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்து பாருங்க சார்."

"தோட்டத்துக்கா? கம்யூனிஸ்ட்காரன் சுட்டா யாரு பதில் சொல்றது? நீங்களே ஓட்டிட்டு வாங்க லா."

ஓட்டிக்கொண்டு போனேன். அதே தடுப்பில், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி கடத்துகிறேனா என்று பார்க்கப் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நெம்பித் திறந்தால் கிளேம் போய்விடும் என்றேன். திருப்பி அனுப்பினார்கள். மறுவாரமும் அதே கதைதான். இடித்தவன் நிம்மதியாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். இடிபட்ட நான் ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். யார்மேல் கோபப்படுவதென்றே விளங்கவில்லை.

மூன்றாம் முறை அங்கிருந்த தமிழ்க் காவலர் கேட்டார்: "உள்ள என்னதான்யா இருக்கு?"

முதல் நாள் 'ஒன்றுமில்லை' என்று அடித்துச் சொன்னவன்தான் நான். மூன்றாம் முறையோ, "ஒன்னும் இருக்காதுன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

அவர் கடப்பாறையை எடுத்துவந்தார். பெட்டி திறந்தபோது, அவரை முந்திக்கொண்டு எட்டிப் பார்த்தவன் நான்தான்.