விழுந்து காட்டியவர்

வீட்டுக்காரரை விழவைத்துச் சம்பளம் வாங்குகிறேன் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், பொய்யில்லையே.

மண்ணூர் பக்கம் எங்கள் அலுவலகம். தொழிற்சாலைகளில் கேமராக்களைக் கண்காணிக்கும் மென்பொருளோடு சேர்க்கிற ஒரு ப்ளகின் செய்துகொண்டிருந்தோம். யாராவது தரையில் விழுந்து அசையாமல் கிடந்தால் அது அலாரம் அடிக்க வேண்டும். அதைச் சோதிப்பது என் வேலை. சோதிக்க நிறைய கேமரா வேண்டும். எங்களிடம் அந்த வசதி ஏது? ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதையே பல சேனல்களாக அனுப்புவோம். பாவம் மென்பொருள், அத்தனையும் நிஜக் கேமரா என்று நம்பிவிடும்.

விழுகிற ஆள்தான் கிடைக்கவில்லை. அலுவலகத்துப் பையன்கள் கையை ஊன்றி, சட்டை கசங்காமல், பாயில் படுப்பதுபோல் விழுந்தார்கள். ப்ளகின் மதிக்கவே இல்லை. எரிச்சலில் வீட்டுக்காரரைப் பிடித்தேன். அவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கிற பிரஸ் லைனில் வேலை பார்க்கிறார். எங்கள் ப்ளகினை வாங்கப்போவதும் அதே தொழிற்சாலைதான். லைன் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கி, யூனிஃபார்மோடு பிரஸ் பக்கத்தில் நின்றார். மூக்கைச் சொறிந்தார். தொப்பென்று விழுந்து அசையாமல் கிடந்தார். படம் பிடித்த எனக்கே பகீரென்றது. அதை ஓடவிட்டதும் ப்ளகின் அலறியது.

அதற்குப் பிறகு அவர் என் திரையில் விழாத நாளில்லை. டீ குடித்துக்கொண்டே பார்ப்பேன்.

அப்புறம் தொழிற்சாலையில் நிஜக் கேமராக்களை மாட்டத் தொடங்கினார்கள். எங்கள் அலுவலகத்துத் திருநெல்வேலிப் பையன் ஒருவன் அங்கே போய் ஒவ்வொன்றாக இணைக்க, நான் மண்ணூரிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் அலாரம். பிரஸ் லைன் சேனலில் அவர் கிடந்தார்.

நம் வீடியோதான் என்று ஒரு மனசு சொன்னது. போலிச் சேனல்களைக் காலையிலேயே நிறுத்தியாயிற்றே என்றது இன்னொரு மனசு. அன்றைக்கு அவருக்கு முதல் ஷிஃப்ட். போன் அடித்தேன், அது லாக்கரில் அடித்துக்கொண்டிருக்கும், லைனுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். பையனும் எடுக்கவில்லை. அத்தனை தடவை பார்த்த படம்தான், ஆனால் நிஜமாக விழுந்தாலும் இப்படித்தானே கிடப்பார்? "எழுந்திருய்யா" என்று வாய்விட்டே சொன்னேன்.

படம் ஒரு துள்ளு துள்ளியது. அவர் நின்றுகொண்டிருந்தார். மூக்கைச் சொறிந்தார். மறுபடியும் தொப்பென்று விழுந்தார்.

புருஷன் விழுவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் பையன் கூப்பிட்டான். "சாப்பிடப் போயிருந்தேன்க்கா. அந்தக் கேமராவ இன்னும் மாட்டல. சேனல் சும்மா கெடக்கேன்னு அண்ணன் வீடியோவப் போட்டுவிட்டேன்."

நான் திட்டிய திட்டு அவன் ஊருக்கே கேட்டிருக்கும்.

சாயங்காலம் அவர் வந்து ஷூவைக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னாடி, நான் நல்லாத்தானே கீறேன்?"

"ஞாயித்துக்கிழமை வாங்க. வீடியோ மறுபடி எடுக்கணும்."

"இன்னொரு தபா வுழணுமா?"

"வுழுந்துட்டு எழுந்திருக்கணும்."

ஆள் எழுந்ததும் அலாரம் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டுமே என்று அலுவலகத்தில் காரணம் சொன்னேன். நல்ல யோசனை என்றார்கள். யோசனையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் கிடப்பதோடு முடிகிற படத்தை இனி என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

இப்போது எல்லாச் சேனலிலும் விழுகிறார். கிடக்கிறார். பிறகு எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொள்கிறார். அதுவரை பார்த்துவிட்டுத்தான் டீயைக் கையில் எடுப்பேன்.