ஓடாத காரின் கறுப்பு

பணிப் பதிவேட்டின் மூன்றாம் பக்கத்தில் அவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "ஓட்டுநர், இரண்டாம் நிலை. ஒதுக்கப்பட்ட வாகனத்தைச் சாலை விதிகளுக்கு உட்பட்டு ஓட்டி, இணை இயக்குநரைக் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் சேர்ப்பவர். நெடுந்தூரப் பயணங்களுக்கு எந்நேரமும் ஆயத்தமாக இருப்பவர்."

இதில் 'இரண்டாம் நிலை' என்பது மட்டும் இன்றுவரை உண்மை.

இணை இயக்குநர் என்று ஒருவர் இல்லை. ஓட்டுநர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த மூன்றாவது வாரம், சிக்கனம் கருதி அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள். ஒழித்த உத்தரவில் காரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காரைப் பற்றிய விதியிலோ, இணை இயக்குநரைத் தவிர வேறு யாரும் அதில் ஏறக் கூடாது என்று இருந்தது. கார் இருக்கும்வரை அதற்கு ஓர் ஓட்டுநர் பணியிடம் உண்டு. பணியிடம் இருக்கும்வரை அதில் இருப்பவரை நகர்த்த முடியாது. இவ்வாறு சிக்கனத்தின் பலனாக ஒரு காரும் ஒரு மனிதரும் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் எட்டு ஆண்டுகளாக மிஞ்சி நின்றார்கள்.

ஓட்டவே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, காரைப் பதினோரு அடி முன்னால் எடுப்பார். அங்கே சுவர். பிறகு பதினோரு அடி பின்னால். அங்கே ஜெனரேட்டர் அறை. ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும் என்பதற்காக இந்தப் பயணம். இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பது அந்தக் காருக்கு நினைவிருக்குமா என்பது சந்தேகம்தான்.

வாரத்தின் மிச்ச நாட்களில் அவர் பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டார்.

கார் வெள்ளை. ஆனால் முன்னும் பின்னும் பம்பர், கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டை, சக்கரங்களுக்கு மேலே வளைவு, பக்கக் கண்ணாடிகளின் கூடு எல்லாம் பெயிண்ட் பூசாத கறுப்பு பிளாஸ்டிக். கொட்டகைக் கூரையில் ஒரு தகடு பெயர்ந்திருந்தது. அதன் வழியே பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வெயில் நேராக முன் பம்பரில் விழும். தகடு போடச் சொல்லி அவர் கொடுத்த விண்ணப்பம் எங்கோ பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது வருடமே பம்பரில் சாம்பல் பூத்தது.

அவர் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. ஷூ பாலீஷ் போட்டார். அது பம்பரிலிருந்து அவருடைய பேண்டுக்கு இடம்பெயர்ந்தது. சமையல் எண்ணெய் தடவினார். தெருப் புழுதி முழுக்க வந்து குடியேறியது. டயருக்குப் போடும் பளபளப்பு திரவம் ஒரு வாரம் கல்யாண மாப்பிள்ளை போல மினுங்கி, முதல் மழையில் கோடு கோடாக அழுதது. எலக்ட்ரீஷியனிடம் ஹீட் கன் வாங்கிச் சூடு காட்டினார். பிளாஸ்டிக்குக்குள் இருந்த எண்ணெயெல்லாம் மேலே வந்து கண்ணெதிரே கறுத்தது, மாயம்தான். மூன்றாவது தடவை சூடு காட்டியபோது பின் பம்பரின் இடது மூலை லேசாக நெளிந்துவிட்டது. அந்த மூலையை அன்றிலிருந்து பக்கச் சுவரை ஒட்டியே வைத்திருக்கிறார்.

பிறகுதான் முறையாகக் கற்றுக்கொண்டார். சோப்பு நீர்விட்டுப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சொரசொரப்பின் ஒவ்வொரு குழியையும் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய எண்ணெயின் கடைசிச் சொட்டுவரை எடுக்க வேண்டும். ஓரத்துப் பெயிண்டில் டேப் ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக்குக்கென்றே கார் சாமான் கடையில் விற்கும் கோட்டிங்கை ஸ்பாஞ்சில் நாலு சொட்டு விட்டு, மெல்லிசாகத் தடவி, இரண்டு நிமிடத்தில் உபரியைத் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் தண்ணீர் காட்டக் கூடாது. முக்கியமாக, மினுங்கக் கூடாது. மினுங்கினால் அது எண்ணெய் என்பது அவருடைய கட்சி.

அலுவலகத்தில் அவருக்கு 'பாலீஷ்' என்று பெயர் வைத்தார்கள். பெயிண்டுக்குப் போடும் பாலீஷ் கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும், அவருடைய தொழிலில் அதைவிடப் பெரிய எதிரி இல்லை என்பதை அவர் யாருக்கும் விளக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அவருடைய மனைவி பேருந்தில் ஆறு மணி நேரம் தள்ளி இருந்த ஊரில், ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். அவருக்கும் மாற்றல் கிடையாது. இவர் மாதம் இரண்டு சனிக்கிழமை போய் ஞாயிறு மாலை திரும்புவார். இவர் இங்கே வந்தபோது மகளுக்கு மூன்று வயது, இப்போது பதினொன்று. பள்ளியில் அப்பா என்ன வேலை என்று கேட்டதற்கு, டிரைவர் என்றாளாம். என்ன ஓட்டுறார் என்று கேட்டதற்கு, "எங்கப்பா ஓட்ட மாட்டாரு, துடைப்பாரு" என்றாளாம்.

ஒவ்வொரு வருடமும் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வந்து, காரை வைத்துக்கொள்வதா, இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலத்துக்கு அனுப்புவதா என்று பார்க்கும். பானெட்டைத் திறந்தால் கையில் அழுக்குப் படும் என்பதால் சுற்றிவந்து வெளித்தோற்றத்தைப் பார்க்கும். ஏழு வருடமும் 'நல்ல நிலை' என்று எழுதிவிட்டுப் போனது.

எட்டாவது வருடம் ஒரு விஷயம் நடந்தது. மனைவி இருந்த ஊரில் துறையின் ஜீப்பை ஓட்டியவர் ஓய்வு பெற்றார். வண்டியில்லாத ஓட்டுநர் யாராவது இருந்தால் அந்த இடம் முதலில் அவருக்கு. கார் கண்டமானால் இவர் வண்டியில்லாதவர் ஆகிவிடுவார். ஆகாவிட்டால் வருடக் கடைசியில் புது ஆளைப் போட்டுவிடுவார்கள். அந்த ஆள் ஓய்வு பெற இன்னும் முப்பது வருடம் ஆகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டார்.

"ஏங்க, அந்தக் கார் ஏன் கண்டமாக மாட்டேங்குது?"

"நல்லா இருக்குன்னு எழுதிடறாங்க."

"ஏன் நல்லா இருக்கு?"

அவர் பெருமையாக வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார்.

"புரிஞ்சுதா?" என்றார் மனைவி. "பூட்டு, சாவி ரெண்டும் உங்க கையிலதான் இருக்கு. நான் உங்களை ஒண்ணும் பண்ணச் சொல்லல. ஒண்ணும் பண்ணாம இருங்க. குழு வர ஆறே மாசம்தான் இருக்கு. ஊர்ல ஆம்பளைங்கள்லாம் சும்மா இருக்கறதுல எவ்ளோ கெட்டிக்காரங்களா இருக்காங்க! எனக்குன்னு ஒருத்தர் வாய்ச்சிருக்கீங்களே."

"அப்பா, பிராமிஸ் பண்ணுங்க" என்றாள் மகள்.

பண்ணினார்.

காரைப் போர்த்தியிருந்த உறையை எடுத்து மடித்து டிக்கியில் வைத்தார். பிரஷ், ஸ்பிரிட், டேப், கோட்டிங் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, அதையும் டிக்கியில் வைத்தார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் பம்பரின் மேல்விளிம்பு வெளிறியது. மூன்றாம் மாதம் பக்கக் கண்ணாடிகள். மழையும் வெயிலும் மாறி மாறி வந்து, நாலாம் மாதம் காய்ச்சல்காரன் நாக்கைப் போல வெள்ளைப் படலம் விட்டது. அவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, காருக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால் சாம்பல் நிறம் பரவும் சத்தம் கேட்பதாக அவருக்குத் தோன்றியது.

ஸ்டோர் கீப்பருக்கு மனசு கேட்கவில்லை. அவர் நல்ல மனுஷன், அதுதான் சிக்கல்.

"அண்ணே, உடம்புக்கு முடியலையா? வண்டி பார்க்கவே சகிக்கலையே."

"வயசாகுதுல்ல தம்பி."

"வண்டிக்கா, உங்களுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்டோர் கீப்பரிடம் காலையில் சொன்னது மதியத்துக்குள் வாசல் காவலாளிக்கு வந்துவிடும். அதனால் சொல்லவில்லை.

ஆறாம் மாதம் ஒரு நாள், குழு பதினோரு மணிக்கு வந்தது. தலைவி ஒரு பொறியாளர். கூட வந்த இருவரும் அவர் தலையசைக்கும் திசையில் தலையசைப்பவர்கள். பொறியாளர் முன் பம்பரில் விரலை ஓட்டினார். விரல்நுனியில் சாம்பல் தூள் ஒட்டியது.

"போன வருஷ ரிப்போர்ட்ல நல்ல நிலைன்னு இருக்கே? இதைப் போய் யாரு ஆபீஸ் வண்டின்னு சொல்லுவாங்க?" என்று படிவத்தைப் புரட்டி, 'கண்டம்' என்ற கட்டத்துக்கு மேலே பேனாவைக் கொண்டுபோனார்.

ஜீப்பின் ஸ்டீயரிங் கைக்கு எப்படி இருக்கும் என்றுகூட ஓட்டுநர் ஒரு கணம் நினைத்துவிட்டார்.

"மேடம், ஒரு நிமிஷம்!" ஸ்டோர் கீப்பர் குறுக்கே பாய்ந்தார். "அவசரப்பட்டு எழுதிடாதீங்க. எங்க அண்ணன் கொஞ்ச நாளா உடம்பு முடியாம இருந்தாரு. அவர் கை வச்சா அரை மணி நேரத்துல ஷோரூம் வண்டி மாதிரி ஆயிடும்."

"அப்படியா?" பொறியாளர் பேனாவை நிறுத்தினார். "வருமாங்க?"

"வராதுங்க மேடம். பிளாஸ்டிக் செத்துப் போச்சு" என்றார் ஓட்டுநர். எட்டு வருட வேலையில் அதிகாரிகளிடம் அவர் சொன்ன ஒரே பொய்.

"அவருக்கு அடக்கம் ஜாஸ்தி மேடம்" என்று சொல்லிவிட்டு, ஸ்டோர் கீப்பர் டிக்கியைத் திறந்து பையையே கொண்டுவந்துவிட்டார். முடிச்சையும் அவரே அவிழ்த்தார்.

"பாதி மட்டும் செஞ்சு காட்டுங்க. பார்த்துட்டு முடிவு பண்றோம்" என்றார் பொறியாளர்.

பைக்குள் பழைய ஷூ பாலீஷ் டப்பாவும் கிடந்தது. அதை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்; திட்டுத் திட்டாக நிற்கும், மேடம் முகம் சுளிப்பார், அடுத்த மாதம் வீடு. அவர் டப்பாவைத்தான் எடுக்கப் போனார். அழுக்கின் மேலே போட்டால் சந்தேகப்படுவார்கள், கழுவிவிட்டே போடுவோம் என்று பிரஷ்ஷை முதலில் எடுத்தார். கழுவியாயிற்று. ஈரத்தோடு எப்படி விடுவது? காயவைத்தார். ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்ததும் அந்த வாசனை வந்தது. வேலை முடிந்து வரும் மனைவியின் கையில் இருக்கும் வாசனை. இத்தோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஓரத்திலும் பம்பரின் நடுவிலும் டேப்பை ஒட்டினார். டேப் ஒட்டாமல் வேலை செய்கிறவனை அவர் மனிதனாக மதித்ததில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. கையில் ஈரமான ரப்பர் கையுறை. எடுக்கவில்லை.

பைக்குள் கையை விட்டபோது டப்பாவும் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. அந்த நேரம் பார்த்துப் பொறியாளர் குனிந்து கேட்டார்.

"எங்க வீட்டுக் காருக்கு வாட்டர் வாஷ்ல பளபளன்னு போட்டு விடறாங்க. ஒரே வாரம்தான் நிக்குது. ஏன்னு தெரியுமா?"

எட்டு வருடத்தில் அவருடைய தொழிலைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

"மினுங்குதுல்ல மேடம், அதான் காரணம்" என்றார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சொரசொரப்பின் குழிகளைப் பற்றிச் சொன்னார். மெல்லிசாகப் போடுவதைப் பற்றி, வெயிலை, மழையை, பாலீஷின் துரோகத்தைப் பற்றிச் சொன்னார். பின் பம்பரின் நெளிந்த மூலையைக்கூட நேர்மையாகக் காட்டினார். சொல்லிக்கொண்டிருந்தபோதே கை கோட்டிங் பாட்டிலைத் திறந்து, நாலு சொட்டு விட்டு, இடமிருந்து வலமாக இழுத்து, இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்தது. டேப்பை உரித்தார். முன் பம்பரின் சரிபாதி, கார் பிறந்த நாளில் இருந்த கறுப்பில் நின்றது. மினுங்கவில்லை.

"அடேயப்பா" என்றார் பொறியாளர். மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.

படிவத்தில் அவர் நிதானமாக எழுதினார்: "நல்ல நிலை. வெளித்தோற்றத்தை அலுவலகத்திலேயே சீராக்க முடியும். இந்த வாகனத்துக்கு இதே ஓட்டுநர் தொடர்வது அவசியம்."

அவர்கள் போனதும் ஸ்டோர் கீப்பர் அவர் தோளைத் தட்டினார். "கடைசி வரி நான் சொல்லித்தான் எழுதினாங்க அண்ணே. இனி உங்களை இங்கேருந்து யாரும் அசைக்க முடியாது."

"ரொம்ப நன்றி தம்பி" என்றார் அவர். வேறு என்ன சொல்வது?

கையுறையைக் கழற்றிவிட்டு மனைவியைப் போனில் கூப்பிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"பாதி பண்ணிட்டேன்."

"எதுல பாதி?"

"முன் பம்பர்ல."

அந்தப் பக்கம் கண்ணாடிக் குழாய்களை அடுக்கும் சத்தம் நின்றது. மனைவி கேட்டார். "மீதிப் பாதி?"

"சாம்பலாத்தான் இருக்கு."

"அதையாவது அப்படியே விடுங்க. எனக்காக" என்று சொல்லி மனைவி போனை வைத்தார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைக் காரின் பக்கம் திருப்பினார். கூரை ஓட்டையின் வெயில் பம்பரின் நடுவில் விழுந்திருந்தது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சாம்பல், நடுவே டேப் ஒட்டிய இடத்தில் அடிக்கோல் வைத்தது போல நேர்க்கோடு.

அன்று ஐந்து மணிக்குள் அவர் மீதிப் பாதியையும் கறுப்பாக்கி முடித்தார்.