பெருக்கமரப் படத்துக்குப் பின்னால் இருந்தவர்

சூசை அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு சன்னலில் தொங்கிக்கொண்டிருந்தேன். பலேர்மோ நகரின் நடுவே, பொலிதேயாமாவில், நான் வேலை செய்யும் சின்யோரா அம்மாவின் வீடு அது. ஐந்தாம் மாடி என்பார்கள். கீழே பார்த்தால் எட்டுக்குக் குறையாது. வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கையில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அண்ணையின் மனைவி றீற்றா அக்கா. வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் அழைப்பவர் அல்லர்.

"தம்பி, அவர் பஸ்ஸுக்குள்ள இருந்து எழும்பேல்லையாம்" என்றார். அவ்வளவுதான்.

துறைமுகத்தில் வேலை முடித்து, எங்கள் வீடுகள் இருக்கும் சீசாவுக்கு வரும் பஸ்ஸில், கடைசித் தரிப்பிடத்தில் எல்லோரும் இறங்கிய பின்னும் அவர் இருந்தபடியே இருந்திருக்கிறார். சாரதி வந்து தோளில் தட்டியிருக்கிறார். இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். வயது அறுபத்திரண்டு.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சிடும் இந்த நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி அக்கா கேட்டார். பலேர்மோவில் பிழையில்லாமல் தமிழ் எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான் என்பது எல்லோரும் அறிந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்தக் காலத்து எட்டு. ஒரு பக்கத்துக்குள் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். வாசிப்பவர்கள் பொறுக்க வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காக: அந்தோனி சூசைதாசன், மன்னார் பள்ளிமுனையில் பிறந்தவர். சீசாவில் எங்கள் கட்டடத்தில் நான் மூன்றாம் மாடி, அவர் எனக்கு நேர் மேலே நாலாம் மாடி. இந்த நகரத்தில் அவரைக் காலூன்ற வைத்தது நான்தான். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்க அவரை நான் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனபோது, உள்ளே இருந்த அதிகாரி என் இத்தாலியனைக் கேட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். சூசை அண்ணை இதை வேறு மாதிரிச் சொல்லுவார்: "இவனைத் தள்ளி நிக்கச் சொல்லத்தான் அவன் எழும்பினவன்." அவருக்குப் பகிடி கொஞ்சம் கூட.

நாப்போலிக்குப் போகும் கப்பல்களில் கபின் துப்புரவு செய்வது அவருடைய வேலை. இருபது வருடம் அதே வேலை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் திரும்ப உதறி விரிப்பார்.

அவருக்கு இரண்டு தம்பிமார் இருந்தார்கள். இருவரும் வெவ்வேறு இயக்கங்களில் இருந்தவர்கள். இருவரும் இப்போது இல்லை. அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். பங்கு மண்டபத்தில் பூசை முடிந்து ஊர் அரசியல் தொடங்கினால் சூசை அண்ணை எழுந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விடுவார். எங்கள் ஆட்கள் போனில் நடத்தும் குழு ஒன்றில் அவரை நான்தான் சேர்த்துவிட்டேன். ஒரு கிழமையில் விலகிவிட்டார். எனக்குக் கோபம். ஏன் என்று கேட்டேன்.

"எங்கட சண்டையில வாயைத் திறந்தால் நானும் ஒரு பக்கம்தான் தம்பி. மற்றவன்ர சண்டையெண்டால் நியாயமாக் கதைக்கலாம்" என்றார்.

அந்த மற்றவன் சண்டையை அவருக்குக் காட்டியவர் கொஃபி. கானா நாட்டவர், கப்பலில் அவரோடு வேலை செய்தவர். இடைவேளையில் கொஃபி போனைப் பார்த்துக் கத்துவதும் சுவரில் குத்துவதுமாக இருந்திருக்கிறார். என்ன என்று இவர் எட்டிப் பார்த்திருக்கிறார். ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆப்பிரிக்க நாட்டவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும் ஒரு விவாதப் பக்கம் அது. யாருடைய தக்காளிச் சோறு ருசி, எந்த இனத்தார் தலைக்கனம் பிடித்தவர்கள், எந்த நடிகை யாரை விட்டுப் போனாள், எந்தத் தலைவர் பெரிய கள்ளன்: இவைதான் பேச்சு. பேச்சு என்று ஒரு மரியாதைக்கு எழுதுகிறேன். அங்கே நடப்பதைப் பார்த்தால் எங்கள் மண்டபம் மடம் போல இருக்கும்.

கொஃபிக்கு இரத்த அழுத்தம் ஏறி அவர் அந்தப் பக்கத்தை விட்டார். சூசை அண்ணை உள்ளே போனார். "பலேர்மோ அங்கிள்" என்று பெயர் வைத்துக்கொண்டார். தன் முகத்தைப் போட வெட்கப்பட்டு, பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் படத்தைப் போட்டார். மன்னாருக்குப் போனவர்களுக்கு அந்த மரம் தெரியும். நூறு பேர் கைகோர்த்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாது. அதன் பிறந்தகம் ஆப்பிரிக்கா. அரபு வணிகர்கள் கப்பலில் கொண்டுவந்து நட்டார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். அந்தப் பக்கத்துச் சனம் மரத்தைப் பார்த்தது, தங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த வினையெல்லாம் இங்கிருந்துதான் வந்தது. அப்போது இது ஒருவருக்கும் தெரியாது.

அவர் நியாயம் சொல்லும் முறையை எழுதியே ஆக வேண்டும். ஒரே நாட்டின் வடக்கத்தியார் ஒருவரும் தெற்கத்தியார் ஒருவரும் ஒருவர் தாயை ஒருவர் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் இரண்டு விரலால் தட்டித் தட்டி ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: மற்றப் பக்கத்தார் வீட்டில் நீங்கள் கடைசியாகச் சாப்பிட்டது என்ன? ஒருவர், தகப்பன் செத்த அன்று அயல்வீட்டார் தந்த வாழைக்காய்ப் பொரியல் என்று எழுதினார். மற்றவர் இரண்டு நாள் கழித்து, என்னை ஒருவரும் கூப்பிட்டதே இல்லை என்று எழுதினார். பார்த்தால் இருவரும் இருப்பது ஜெனோவாவில். அடுத்த ஞாயிறு ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிட்டு, தட்டைப் படம் எடுத்துப் போட்டார்கள். இப்படி ஆயிரம் சண்டை தீர்த்திருக்கிறார். ஆயிரம் இல்லாவிட்டாலும் ஐந்நூறு. அக்கா ஏழு என்கிறார்.

நடிகை ஒருத்தி கணவனை விட்டுப் பிரிந்தபோது இரண்டு நாடுகள் மோதிக்கொண்டன. சூசை அண்ணைக்கு அந்த நடிகை யாரென்றே தெரியாது. என்னிடம் கேட்டார். உல்லாசக் கப்பலில் இருந்து அவள் இறங்கும்போது பெட்டி தூக்கிக் கொடுத்தவனே நான்தான் என்றேன். "அப்ப நீ ஒரு பக்கச் சார்பு. உன்னட்டைக் கேக்கேலாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஆட்களின் வாயும் சும்மா இருக்கவில்லை. கொஃபியை மண்டபத்துக்குக் கூட்டி வந்த நாளில் ஒருவர், நான் இங்கே எழுத விரும்பாத சொல் ஒன்றைச் சொன்னார். பிறகு, "என்ன அண்ணை, எங்கட சனத்தோட கதைக்க நேரமில்லை, ஆப்பிரிக்காவில எலக்சன் கேக்கப் போறியளோ?" என்றார்.

"ஓம். நீ போடாட்டிலும் அங்கை எனக்கு வோட்டு விழும்" என்றார் சூசை அண்ணை. சொல்லிவிட்டு முதல் கோப்பைத் தேநீரைக் கொஃபிக்குக் கொடுத்தார்.

அடக்கத்துக்கு முழுப் பலேர்மோவும் வந்தது. கொஃபியும் கப்பலில் இருந்து இன்னும் நால்வரும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அக்கா அவருடைய போனை என்னிடம் தந்தார். "தம்பி, அங்கையும் ஆக்கள் இருக்கினம். அவையும் செபிக்கட்டும். அறிவிச்சு விடு."

அறிவித்தேன். எங்கள் வழக்கப்படி கண்ணீர் அஞ்சலி அட்டை செய்து, கோட்டும் கழுத்தில் ரையும் போட்ட படத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுதிரி வைத்து, அந்தப் பக்கத்தில் போட்டேன். முதல் ஒரு மணித்தியாலம் அழுதார்கள். பிறகு "லாகோஸ் ராணி" என்ற பெயரில் எழுதும் பெண் ஒருத்தி கேட்டாள்: இந்த இந்தியன் யார்? எங்கள் அங்கிளின் கணக்கைத் திருடியது யார்?

நான் விளக்கினேன். விளக்க விளக்க மோசமானது. இவர்தான் அங்கிள் என்றால், இவ்வளவு காலமும் வெளியார் ஒருவர் எங்கள் பெரியவர் போல நடித்திருக்கிறார் என்றார்கள். எங்கள் இனச் சண்டைக்கு இவர் யார் நீதிபதி என்றார்கள். அவர் தீர்த்ததெல்லாம் செல்லாது என்று ஒருவர் எழுத, தக்காளிச் சோற்றுச் சண்டை அடியிலிருந்து மறுபடி தொடங்கியது. செத்த வீட்டில் வந்து சோற்றுக்கு அடிபடுகிறார்கள். நான் விடவில்லை. உங்களில் பாதிப்பேர் பந்து விளையாடுகிறவன் முகத்தைப் போட்டிருக்கிறீர்களே, லாகோஸ் ராணி எந்த நாட்டுக்கு ராணி என்று கேட்டேன். கணக்கை எழுத முடியாமல் பூட்டிவிட்டார்கள். வாசிக்க மட்டும் விட்டார்கள். அது அதைவிடக் கொடுமை. கொஃபி புதுக் கணக்குத் திறந்து, எனக்கு இவரைத் தெரியும், நல்ல மனிதர் என்று எழுதினார். நேற்றுத் திறந்த கணக்கு, நீயும் அதே இந்தியன்தான் என்றார்கள். கொஃபி, கானாக்காரர்!

ஆனால் கொஃபி என்னோடு சேர்ந்து திட்டவில்லை. "உங்கட குழுவில நான் வந்து பெரியவர் மாதிரி நியாயம் சொல்லியிருந்தால் நீ விட்டிருப்பியோ?" என்று இத்தாலியனில் கேட்டார். விட்டிருக்க மாட்டேன். அதுவும் எரிச்சல்தான்.

அக்கா ஆங்கிலம் அறியாதவர். இருந்தும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, என்ன அது என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. போலி என்று எழுதுகிறார்கள் என்றேன்.

"என்ர மனுசன் அந்தச் சனத்துக்குப் பொய் சொன்னவரோ?"

இல்லை, எனக்குத் தெரியும் என்றேன்.

"உனக்கு எல்லாம் தெரியும் எண்டுதான் எப்பவும் சொல்லுவாய். எனக்கு அவர் என்ன சொன்னவர் எண்டு தெரிய வேணும். அதுவரைக்கும் அந்த வரியைப் போடாதை."

இந்த மலரின் முதல் பக்கத்தில், படத்துக்குக் கீழே, "உண்மையே உரைத்த உத்தமர்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தேன். அதைத்தான் சொன்னார். அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தினேன்.

அதன்பின் அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒன்பது நாள் குசினி மேசையில் மூக்குக் கண்ணாடியோடு இருந்தார். அவருக்கு ஆங்கில எழுத்தில் பார்த்தவுடன் தெரியும் சொல் ஒன்றே ஒன்று. அவருடைய பெர்மெஸ்ஸோவில் பிறந்த இடம் என்ற வரியில் இருப்பது: மன்னார். அந்தச் சொல்லைத் தேடி, ஆறு வருடச் சண்டையையும் ஒரு விரலால் தள்ளிக்கொண்டே போனார். எத்தனை நடிகைகள், எத்தனை தலைவர்கள், எத்தனை சட்டிச் சோறு. பத்தாம் நாள் காலை நான் முகம் மழித்துக்கொண்டிருக்கையில் கதவைத் தட்டினார். "இதை வாசி" என்றார்.

என் ஆங்கிலத்துக்கு அன்று போனின் உதவியும் கொஞ்சம் தேவைப்பட்டது. அவர் உள்ளே போன முதல் மாதம் எழுதியது. அங்கிள், உங்கள் மரம் எந்த நாட்டில் நிற்கிறது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இவர் பதில்: "இலங்கையில், மன்னாரில். நான் தமிழன். மரம் உங்கள் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் கப்பல் துப்புரவு செய்கிறவன். நான் இங்கே இருப்பது உங்களுக்கு விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், போய்விடுகிறேன்."

அதற்குக் கீழே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்கூட. மேலேயும் சோறு, கீழேயும் சோறு.

அக்கா என் கதிரையில் இருந்தார். "சொல்லியிருக்கிறார்" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "சொல்லிப்போட்டு, ஆராவது போ எண்டு சொல்லுவினமோ எண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார்" என்றார். பிறகு எழுந்தார். "வரியைப் போடு தம்பி."

கொஃபி அதைப் படமெடுத்து அந்தப் பக்கத்தில் போட்டார். நான் மன்னிப்பை எதிர்பார்த்தேன். ஐந்து பேர் இருதயப் படம் போட்டார்கள். ஜெனோவாக்காரர் இருவரும் அழுது எழுதினார்கள். லாகோஸ் ராணி "சரி" என்று ஒரு சொல் எழுதினாள். அதற்குள் அந்த நடிகைக்கு இரண்டாம் கல்யாணம் வந்துவிட்டது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் உண்மையே உரைத்தவருக்கான மலரில் நான் ஒன்றை மறைக்க முடியாது. அக்காவுக்கு இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

அங்கே எழுதுவதையெல்லாம் சூசை அண்ணை எனக்கும் அனுப்புவார். ஆங்கிலம்தானே என்று நான் ஒன்றையும் வாசித்ததில்லை. வாசித்தேன், அருமை என்று ஊருக்கெல்லாம் சொன்னதுண்டு. அக்கா கண்டுபிடித்த அந்த நாளை என் போனில் தேடிப் பார்த்தேன். இருந்தது. அதே பதில், அதன்கீழே எனக்குத் தமிழில் நாலு வரி: "தம்பி, இதைக் காலமை எழுதினனான். பின்னேரமாகியும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. இருக்கட்டோ, விலகட்டோ? நீ சொல்லு."

அதற்கு நான் உயர்த்திய பெருவிரல் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதியதைக்கூட வாசிக்கவில்லை.

அதன்பின் அவர் ஆறு வருடம் அங்கே இருந்தார். அவர் கேட்டதற்கு உலகத்தில் கிடைத்த ஒரே பதில் அந்த விரல்தான்.

சூசை அண்ணை, வாசித்திருந்தாலும் இருங்கோ என்றுதான் சொல்லியிருப்பேன். இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. இன்று காலை, இதை எழுதி முடிக்கும் முன், அந்த நாலு வரிக்குக் கீழே "இப்பதான் வாசிச்சன் அண்ணை. இருங்கோ" என்று எழுதி அனுப்பினேன். மேல் மாடியில் உங்கள் போன் ஒருமுறை ஒலித்தது. பிறகு அக்காவின் கதிரை நகரும் சத்தம் கேட்டது.

போய்வாருங்கள் அண்ணை. அக்கா வாசிக்கிறார்.