ராஜாளியின் இரண்டரை மீட்டர் ஏரியல்

நில அளவை அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போடும் பிரிவுக்கு அவர் கண்காணிப்பாளர். ஐம்பத்திரண்டு வயதில் திடீரென்று காடுமேடு ஏறும் ஆசை வந்து, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்றை வாங்கினார். எட்டு மாதமாகியும் டயரில் சேறு பட்டதில்லை. அலுவலகம், காய்கறிக் கடை, மறுபடி வீடு என்று சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜீப்காரர்கள் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் வண்டிக்கு ஒரு குறை இருப்பது அவருக்குத் தெரிந்தது. மலைப்பாதையில் எல்லோரும் வண்டிக்கு வண்டி சிபி ரேடியோவில் பேசிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பட்டப்பெயர் வேறு. பல் டாக்டர் ‘ஆமை’. செங்கல் சூளை நடத்தும் அம்மா ‘புகை’. இவர் யாரும் கேட்கும் முன்பே ‘ராஜாளி’ என்று தனக்குத்தானே சூட்டிக்கொண்டார்.

பெயரும் ரேடியோவும் தயார். ஏரியல்தான் பாக்கி. வயரிங் பட்டறைக்காரர் ஒரு மீட்டர் கம்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். அடியில் சுருள்வில் இருந்தது. கிளை இடித்தால் வளைந்து நிமிர்ந்துகொள்ளும்.

“இது போதும் சார். உங்க வண்டிக் கூரை ஃபைபர், அங்க வேலைக்கு ஆகாது. பின்கதவு கீல் பக்கத்துல தகரத்துல மாட்டிடலாம். அந்த இடத்துல மட்டும் பெயிண்டைச் சுரண்டணும்.”

“பெயிண்டையா?” தன் தோலைச் சுரண்டுவதாகச் சொன்னது போல ராஜாளி பதறினார்.

“தகரத்தைத் தகரம் தொட்டாத்தான் எர்த் கிடைக்கும். இல்லேன்னா நீங்க பேசறது வெளிய போகாது, ரேடியோவுக்கே திரும்பி வரும்.”

“நான் எல்லாம் படிச்சாச்சு. நீளம் கூடினா தூரம் கூடும். இருக்கறதுலயே பெருசு எது?”

இரண்டரை மீட்டர். அதை முன் பம்பரில், ஊர் கண்ணில் படும்படி, ஒரு கீறல்கூட விழாமல் மாட்டச் சொன்னார். மாட்டியதும் பட்டறைக்காரர், எவ்வளவு அலை வெளியே போகாமல் திரும்புகிறது என்று காட்டும் மீட்டரை வைத்தார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொண்டது.

“முள்ளைப் பாருங்க சார்.”

“உங்க மீட்டர் பழசு போல.”

அன்று மாலை அடுக்குமாடியின் வண்டி நிறுத்தத்தில் நுழைந்தபோது, கம்பி இரண்டு டியூப்லைட்டைக் காலி செய்தது. பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையான மனைவி துடைப்பத்தோடு இறங்கி வந்தாள்.

“இது எதுக்குங்க?”

“ஆபத்துல உதவி கூப்பிட.”

“நல்லா இருக்கு,” என்று சில்லுகளைக் கூட்டினாள்.

முதல் பயணத்தில் ராஜாளி வாய் ஓயவில்லை. வளைவு, பள்ளம், வானிலை என்று எதையும் விடவில்லை. நடுவில் ரேடியோவில், “யாருப்பா அது, எண்ணெய்ல ஏதோ பொரியற மாதிரி?” என்று புகை கேட்டார்.

“பாரு, யாரோ மலிவான ஏரியல் வாங்கி மாட்டியிருக்கான்,” என்று மனைவியிடம் பரிதாபப்பட்டார்.

ஓடையைக் கடக்கும்போது ஜீப் அச்சுவரை மணலில் இறங்கியது. “ராஜாளி சிக்கிக்கொண்டது, உதவி தேவை” என்று இருபது நிமிடம் கூப்பிட்டார். ரேடியோ சூடானதுதான் மிச்சம். மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த வளைவுவரை நடந்தாள். அங்கே சங்கம் முழுவதும் மரத்தடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் ஜீப்பைப் பட்டறைக்கு ஓட்டிப் போனவள் மனைவிதான். “சுரண்டுங்க,” என்றாள். குட்டைக் கம்பி பின்கதவு கீலருகே ஏறியது. மீட்டர் முள் சிவப்புக் கோட்டுப் பக்கமே போகாமல் லேசாகத்தான் அசைந்தது.

இப்போது ராஜாளியின் குரல் மூன்று மலைக்கு அந்தப்புறமும் கணீரென்று கேட்டது. சங்கத்துக்குக் கெட்ட காலம் அப்போதுதான் பிறந்தது. இரண்டு பயணம் தாங்கினார்கள். மூன்றாவதில் யாரும் குறுக்கே பேசவில்லை. எல்லோரும் வாய்மூடிக் கேட்பதாக நினைத்து, ராஜாளி கோப்பு எண் போடும் முறையைக்கூட விளக்கினார்.

நாலாவதில் வண்டி குலுங்கியபோது கை தவறிச் சேனல் குமிழ் வேறு எண்ணுக்குத் திரும்பிவிட்டது.

“ராஜாளி பேசுகிறேன். இடப்பக்கம் ஒரு கல். இன்னொரு கல். அதற்கு எண் போடவேண்டும்.”

அச்சு அசல் அவர் குரல். பேசியது பல் டாக்டர். ஆறு வண்டியும் விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாளி திரும்பிப் பார்த்தால் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள்; தோள் குலுங்கியது.

“எல்லாரும் சேனல் மாறினது உனக்குத் தெரியுமா?”

“போன தடவையே டாக்டர் சொன்னார்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க பேசிட்டே இருந்தீங்க. நடுவுல எங்கங்க சொல்றது?”

ஒரு மைல் தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு பொத்தானை அழுத்தி, “நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்,” என்றார்.

“சத்தம் தெளிவா வருது சார்,” என்றார் புகை.

அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று சொல்ல ஆசைதான். மூன்று பயணம் குறைத்தார். அதற்கடுத்ததில் சங்கம் மறுபடி வேறு சேனலுக்குக் குடிபோனது. இந்த முறை சேனல் எண்ணை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.