வகிடு அகன்ற வருஷம்

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த முடி சிகிச்சை மையத்தில் அமல்ராணி ஐந்து வருஷம் வேலை பார்த்தாள். வீடு திண்டிவனத்தில். காலை நாலரைக்கு எழுந்தால்தான் சமையலை முடித்து, மகள் சகாய பிரியாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டு, எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க முடியும். கணவன் ஆண்டோ லாரி ஓட்டியவன். முதுகெலும்பில் தட்டு விலகி மூன்று வருஷமாகக் கனமான எதையும் தூக்கக் கூடாது. அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வந்ததில்லை. ஆனால் கேஸ் சிலிண்டரை உருட்டுவதிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்குவது வரை எல்லாம் அவளுடைய வேலையாகிவிட்டது.

மையத்தில் அவள் வேலைக்குக் கவுன்சலர் என்று பெயர். படித்தது பி.காம். அவளை எடுத்ததற்குப் படிப்பு காரணமில்லை, முடிதான் காரணம். அப்போது அவளுடைய பின்னல் இடுப்புக்குக் கீழே இறங்கும். மேனேஜர் அறிவுச்செல்வன் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க முன்னாடி உக்காந்தாலே போதும் மேடம். அதுவே நமக்கு விளம்பரம்."

டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சென்னையிலிருந்து வருவார். மற்ற நாட்களில் வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவது அமல்ராணிதான். ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுமா, போர் தண்ணீரில் உப்பு இருப்பதால் கொட்டுகிறதா, சின்ன வெங்காயச் சாறு தேய்த்தால் வளருமா, பின்தலையிலிருந்து எடுத்து நட்ட முடியைச் சீப்பால் வாரலாமா, அப்பாவுக்கு வழுக்கை என்றால் எனக்கும் வருமா. கேட்கிறவர்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. பதிலும் அச்சடித்த தாளில் இருந்தது. முதல் வருஷம் அதைப் படித்துச் சொன்னாள். பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற மாதிரி ஆகிவிட்டது.

வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றும்போது அவள் மேசையைப் பார்த்துக்கொள்வாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கல்யாண வயதுப் பையன்கள் தலையைக் குனிந்து காட்டும்போது காது சிவந்துபோவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஐந்தாவது வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்கு டெங்கு வந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரி, பத்து நாள் படுக்கை. எழுந்து வேலைக்குப் போய், காய்ச்சலை மறந்தும்விட்டாள். தை மாதம் ஒருநாள் குளிக்கும்போது குளியலறைத் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி நின்றது. குனிந்து ஓட்டையில் விரல் விட்டு இழுத்தாள். கொத்தாக வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அது தன் முடி என்று தெரிந்து அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு தலையணையில், சீப்பில், இட்லி மாவில், எங்கு பார்த்தாலும் முடி. நடு வகிடு ஒரு விரல் அகலமானது. சீக்கிரமே இரண்டு விரல் அகலம். மையத்தில் விற்கிற கறுப்புப் பொடியை வாங்கி வகிட்டில் தூவிக்கொண்டு போனாள். வெயிலில் வியர்த்தால் அது நெற்றியில் கோடாக வழியும். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "கவலைப்படாதீங்க, இப்பல்லாம் எல்லாத்துக்கும் வழி இருக்குது" என்று எதிரில் இருந்தவரிடம் சொல்லுவாள்.

அறிவுச்செல்வன் கவனிக்காமல் இல்லை. மாசி மாதம் அவளை விளக்குக்குக் கீழே உட்காரவைத்து, தலையை மேலிருந்து நாலு போட்டோ எடுத்தான்.

"நம்ம ஸ்டாஃபு, ஃப்ரீயாவே பண்ணிடலாம் மேடம். உங்க ரத்தத்த எடுத்து, அதையே தலையில ஊசியா போடுவாங்க. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் முன்னாடி வந்துடுங்க."

அவள் சரி என்றாள். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்னதாக வருவதென்றால் நாலரைக்குப் பதிலாக மூன்றரைக்கு எழவேண்டும். அதை நினைக்கும்போதே உடம்பு கனத்தது.

பங்குனியில் முகையூர்ப் பக்கத்திலிருந்து பெரியதம்பி என்ற விவசாயி தன் மகன் தேவாவோடு வந்தார். பையனுக்கு இருபத்தாறு வயது. முன்நெற்றி ஏறியிருந்தது. வேட்டி மடிப்பில் எதையோ தேடுகிறவர் மாதிரி பெரியதம்பி குனிந்துகொண்டே பேசினார்.

"மூணு எடத்துல பொண்ணு பாத்தோம்மா. மூணு எடத்துலயும் வாணாம்ட்டாங்க. நல்ல புள்ளைம்மா இவன். பூச்சிவெட்டு வந்துச்சின்னு வெங்காயத்தத் தேச்சித் தேச்சி தோலெல்லாம் பொக்களிச்சிப் போச்சி."

அமல்ராணி எழுந்து பையனுக்குப் பின்னால் போய் நின்றாள். பின்மண்டையில் பழைய ஒரு ரூபாய் அளவில் இரண்டு வட்டம், காதுக்குப் பின்னால் ஒன்று. மூன்றும் மொழுமொழுவென்று இருந்தன. ஒன்றின் ஓரத்து முடியை லேசாகத் தொட்டாள். விரலோடு வந்துவிட்டது.

அதற்குள் அறிவுச்செல்வன் அறைக்குள் வந்திருந்தான்.

"பேஜாரே இல்ல தம்பி. பின்னாடி இருக்கிற முடிய எடுத்து முன்னாடி நட்டுடுவாங்க. ஒரே நாள் வேலை. இந்த ஞாயித்துக்கிழமையே டாக்டர் வர்றாரு, பேரு எழுதிக்கலாமா?"

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அமல்ராணியைப் பார்த்தார். அவள் தாளில் இருந்த பதிலைச் சொல்லியிருக்கலாம். ஐந்து வருஷமாக அதைத்தானே சொன்னாள். அன்று ஏனோ அது வாயில் வரவில்லை. தைரியம் என்று அதைச் சொல்ல முடியாது. அந்தப் பதிலை இன்னொரு முறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

"பின்னாடியே கொட்டிக்கினு இருக்குதுங்க. அங்கருந்து எடுத்து நட்டா நிக்குமான்னு யாரும் சொல்ல முடியாது. மொதல்ல தோல் டாக்டருகிட்ட காட்டுங்க. பூச்சிவெட்டு அடங்கட்டும். நடறத அப்பறம் பாத்துக்கலாம்."

பெரியதம்பி நிமிர்ந்தார். "நாத்தங்கால்லயே நோவுன்னா நடவு எப்படி எடுக்கும்? சரியாத்தான் சொல்றம்மா நீ" என்றார்.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு அறிவுச்செல்வன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அவள் பிறகு நினைத்தாள். அவள் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாளையிலருந்து நீங்க உள்ள ரூம்ல ஃபோன் பாருங்க. முன்னாடி வேற ஆளு போட்டுக்கிறேன்" என்றான்.

உள்ளறையில் ஜன்னல் இல்லை. பொடி தூவவேண்டிய அவசியமும் இல்லை. முதல் நாள் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு வாரவிடுமுறை. துணி துவைக்காமல் பஸ் ஏறி முண்டியம்பாக்கத்தில் இறங்கினாள். தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகிற பெரிய ஆஸ்பத்திரிதான். அந்தப் பையனுக்குத் தோல் டாக்டரைப் பார் என்று சொல்லிவிட்டுத் தான் பார்க்காமல் இருப்பது உறுத்தியது. டாக்டர் அருணா சின்ன வயசுப் பெண். வகிட்டை விரித்துப் பார்த்தாள், முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"கொட்ட ஆரம்பிக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

"டெங்கு. ஐப்பசில."

"அதான். காய்ச்சல் வந்தப்ப கொட்டாது, மூணு மாசம் கழிச்சித்தான் கொட்டும். வேர் சாகல, தானா வரும். ஆனா கண்ணு வெளுத்துக் கெடக்குது. ரத்தம் எடுத்துப் பாக்கணும். நல்லா தூங்குறீங்களா?"

"பஸ்ல தூங்குறேன் டாக்டர்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். அமல்ராணிக்கு ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது.

இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். முருங்கைக்கீரையும் கேப்பையும் சாப்பிடச் சொன்னார்கள், டீயோடு மாத்திரை போடக்கூடாது என்றார்கள். தைலம் ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து ஆண்டோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் அவள் எழுந்தபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நின்றால் வலிக்கும் என்று, சமையல்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். "நீ போய் இன்னும் ஒரு மணி நேரம் படு" என்றான். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. ஆனாலும் சட்டி காலியானது.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. நீளப் பின்னல் வால் மாதிரி மெலிந்ததைப் பொறுக்காமல் ஒருநாள் தோளளவு வெட்டிக்கொண்டாள். ஆடியில்தான் வகிட்டோரம் குட்டை குட்டையாக முள் மாதிரி முடி கிளம்பியது. ஆவணியில் ஒரு மதியம் உள்ளறை ஃபோனில் தேவா பேசினான்.

"அக்கா, முகையூர்லருந்து தேவா. வட்டத்துல ஊசி போட்டாங்க. மூணும் மூடிக்கிச்சி. முன்பக்கம் அப்படியேதான் இருக்குது. அது பரவால்ல."

"பொண்ணு அமைஞ்சிதாப்பா?"

"மேல்மலையனூர்ப் பக்கம் ஒண்ணு பாத்துருக்காங்க. சரின்னும் சொல்லல, வாணாம்னும் சொல்லல. அப்பா அங்க போய்க்கினு வந்துக்கினு இருக்காரு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

புரட்டாசியில் அறிவுச்செல்வன் அவளை மறுபடியும் விளக்குக்குக் கீழே கூப்பிட்டான். அவளுடைய தலையைச் சுற்றிவந்து பார்த்தான். முகம் மலர்ந்திருந்தது.

"சூப்பர் மேடம். மாசியில எடுத்த போட்டோ இருக்குது. இப்ப ஒண்ணு எடுத்து பக்கத்துல போட்டா போதும். நம்ம சிகிச்சைல ஏழே மாசத்துல இப்படின்னு போர்டு வெச்சிடலாம். முகம் தெரியாது. மறுபடி முன்னாடி சீட்ட உங்களுக்கே குடுத்துடுறேன்."

"நான் இங்க எந்த சிகிச்சையும் எடுக்கலையே."

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்?"

அமல்ராணிக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்தப் போர்டைப் பார்த்துப் படியேறி வருகிற முகங்கள்தான் வரிசையாகத் தோன்றின. காய்ச்சலில் எழுந்த பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், சும்மா இருந்தாலே முடி திரும்ப வரக்கூடியவர்கள். அவர்களுக்கெல்லாம் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தானே பதில் சொல்லவேண்டும்.

"வாணாம் சார். அந்தப் பழைய போட்டோவையும் அழிச்சிடுங்க. நான் பாக்கிறப்பவே அழிங்க."

அவன் முறைத்தான். அவள் நகரவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரைத் திருப்பி அவள் கண்ணெதிரில் நாலையும் அழித்தான். வேறெங்கும் எடுத்து வைத்திருக்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. அந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டாள்.

இப்போது திண்டிவனத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். சம்பளம் குறைவு. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. முடி முழுசாகத் திரும்பவில்லை, முன்பு இருந்ததில் பாதி இருக்கும். சேர்ந்த முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா சாய்ந்தவள், எழுந்தபோது தெருவில் விளக்கு எரிந்தது. திடுக்கிட்டு, "ஏண்டி எழுப்பல?" என்று மகளைக் கேட்டாள்.

"எதுக்கு எழுப்பணும்?" என்றாள் சகாய பிரியா, புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். அமல்ராணி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.